முகாமா, வண்டியா, கட்டடமா, ஊர்ப்பெண்ணா? மலைக்கு மருத்துவம் கொண்டுபோக பத்து லட்சம்

எங்கள் கல்லூரி செட்டின் இருபத்தைந்தாம் ஆண்டுச் சந்திப்புக்கு வசூலித்த பணத்தில், மண்டபம், சாப்பாடு, யாருமே மறுபடி போடாத டீ-ஷர்ட் எல்லாம் போக, பத்து லட்ச ரூபாய் மிஞ்சியது. வெளிநாட்டில் இருக்கும் இரண்டு பேர் தாராளமாகக் கொடுத்ததுதான் காரணம். மலைக்கிராமங்களின் மருத்துவத்துக்கு அதைச் செலவிடலாம் என்றதும் ஒருவர்கூட மறுக்கவில்லை. எப்படிச் செலவிடுவது என்று கேட்டதும் வாட்ஸ்அப் குழு நான்காகப் பிரிந்துவிட்டது. மாதம் ஒரு மருத்துவ முகாம் என்றார் ஒருவர். மருந்தோடு சுற்றும் வேன் வாங்கலாம் என்றார் இன்னொருவர். நம் செட்டின் பெயரில் சின்னதாக ஒரு மருத்துவமனை என்றது மூன்றாவது அணி. ஊரிலேயே இரண்டு மூன்று பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சம்பளம் போடலாம் என்றேன் நான். அதற்கு விழுந்தது இரண்டே கட்டைவிரல்.

நான் எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆகவே இது நடுநிலையான ஒப்பீடு என்று யாரும் நம்ப வேண்டாம். ஆனாலும் மற்ற மூன்று யோசனைகளும் உலகத்தில் எங்கோ ஓரிடத்தில் பிரமாதமாக வேலை செய்தவைதான். எங்கே, என்ன துணையோடு வேலை செய்தன என்று பார்த்துவிட்டுத்தான் நான் என் பக்கத்துக்கு வந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மலைக்கிராமத்தில் நடந்த முகாமுக்குத் தன்னார்வலராகப் போயிருந்தேன். பள்ளிக்கூட வளாகத்தில் பந்தல். இரண்டு டாக்டர்கள், காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை, 240 பேர். டோக்கன் கொடுத்தது நான் என்பதால் எண்ணிக்கை நினைவிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு இரண்டரை நிமிடம். அதில் ஒரு பாட்டிக்கு ரத்த அழுத்தம் 190ஐத் தாண்டியது. பதினைந்து நாளுக்கு மாத்திரை கொடுத்து, விடாமல் சாப்பிட வேண்டும், தீர்ந்ததும் கீழே ஆஸ்பத்திரியில் போய் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பாட்டியும் தலையை ஆட்டினார்.

ஐந்து மாதம் கழித்து வேறு வேலையாக அதே ஊருக்குப் போனபோது பாட்டி என்னை அடையாளம் கண்டு வீட்டுக்குள் கூப்பிட்டார். சாமை கொட்டிவைத்த டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். மாத்திரை அட்டையில் இன்னும் ஆறு மாத்திரை இருந்தது.

"தலை சுத்துற அன்னைக்கு மட்டும் போட்டுக்குவேன் சாமி. தெனமும் போட்டா தீந்துருமே."

அவர் கணக்கில் என்ன தப்பு? அடுத்த அட்டை எப்போது வரும் என்று தெரியாதவர் கையிலிருப்பதைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பார். கீழே போய்வர ஒரு நாளைக்கு இரண்டு நடை ஓடும் மினி பஸ்தான். போனால் அன்றைய கூலி போச்சு. துணைக்கு ஓர் ஆள் வந்தால் அவர் கூலியும் போச்சு. வீடு தேடி வந்து சர்க்கரை, பிபி மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டிலிருந்தே தமிழ்நாட்டில் இருக்கிறது. அதில் பாட்டியின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று முகாமில் இருந்த எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் அறிக்கையில் அவர் 'பயனடைந்தோர் 240' என்பதில் ஒருவர்.

அதனால் ஒவ்வொரு யோசனையையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன்: டாக்டர் கிளம்பிப் போன மறுநாள் அந்த ஊரில் யார் இருப்பார்?

முகாம்

முகாம் என்றாலே கண் முகாம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அந்தப் பெருமை நியாயமானது. டாக்டர் கோ. வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு, 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஏழைகளின் கண்புரையை ஒரு தொழிற்சாலையின் ஒழுங்கோடு அகற்றிக் காட்டியது. ஆனால் அங்கே முகாம் என்பது வாசல் மட்டும்தான். ஊரில் பந்தல் போட்டுப் பரிசோதிப்பார்கள். புரை முற்றியவர்களைக் கையோடு பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அறுவை செய்து, சாப்பாடு போட்டு, திரும்ப ஊரில் இறக்கிவிடுவார்கள். ஆரம்பத்தில் "நீங்களே வந்து சேருங்கள், ஆபரேஷன் இலவசம்" என்று மட்டும் சொல்லிப் பார்த்தபோது பலர் வரவே இல்லை. பஸ் காசு, அங்கே சாப்பாடு, துணைக்கு ஆள் என்று இலவச ஆபரேஷனுக்கும் செலவு இருந்தது. அதையும் தாங்களே ஏற்றுக்கொண்ட பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் அதே பஸ்ஸில் வருகிறார் என்றால் பயமும் பாதியாகிவிடும் அல்லவா.

கண்புரைக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஒரு தடவை அறுவை செய்து லென்ஸ் வைத்தால் ஏறக்குறைய வேலை முடிந்தது. பிபி, சர்க்கரை, காசநோய், கர்ப்பம், பச்சிளங்குழந்தையின் எடை எதுவும் அப்படி ஒரு நாளில் முடிகிற சமாச்சாரம் கிடையாது.

அரவிந்துக்கே முகாம் போதவில்லை என்பது இதில் எனக்குப் பிடித்த பகுதி. தங்கள் முகாம் நடக்கும் கிராமங்களில் எத்தனை பேர் உண்மையில் வருகிறார்கள் என்று ஆய்வு செய்து பார்த்தார்கள். கண்ணில் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குத்தான் வந்திருந்தார்கள் என்று 1999இல் வெளிவந்தது. தங்கள் பெருமைக்குரிய வேலையைத் தாங்களே அளந்து, விடை கசப்பாக வந்ததும் வெளியிட்டார்கள். அப்புறம் சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்கள் வைத்தார்கள். உள்ளூர்ப் பெண் ஒருவர் பரிசோதிப்பார், மதுரை போன்ற ஊரிலிருக்கும் டாக்டர் கணினி வழியாகப் பார்ப்பார். வாரம் முழுக்க ஆள் இருக்கும் இடமாக முகாம் மாறிக்கொண்டது.

இன்னொரு முனையும் இருக்கிறது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரு கருத்தடை முகாம். ஒரே டாக்டர், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை. பதின்மூன்று பேர் இறந்தார்கள். எல்லோரும் ஏழைக் குடும்பத்துப் பெண்கள். எண்ணிக்கையைக் காட்ட வேண்டும் என்ற அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியாது. நாங்கள் நடத்தப்போவது அறுவை முகாம் இல்லைதான். ஆனாலும் 'இத்தனை பேருக்குப் பார்த்தோம்' என்று போட்டோவோடு அறிக்கை விடும் ஆசை எங்களுக்கும் இருக்கிறது. டோக்கன் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் கணக்குப்படி பந்தல், வண்டி வாடகை, மாத்திரை, சாப்பாடு சேர்த்து ஒரு முகாமுக்கு அறுபத்தைந்தாயிரம் ஆகும். பத்து லட்சத்துக்குப் பதினைந்து முகாம். ஓர் ஊருக்கு ஒன்று வீதம் பதினைந்து ஊரைத் தொடலாம், அல்லது ஒரே ஊருக்குப் பதினைந்து தடவை போகலாம். இரண்டாவதைக் குழுவில் ஒருவரும் யோசிக்கவில்லை. போட்டோ ஒரே மாதிரி வந்துவிடும் அல்லவா.

வண்டி

வேன் யோசனைக்கு நூறு வயதுக்கு மேல். வேலூரில் 1902இல் நாற்பது படுக்கை மருத்துவமனையைத் திறந்த ஐடா ஸ்கடர், 1909 வாக்கில் குடியாத்தம் சாலையில் சாலையோர வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அதற்காக வந்த பியூஜோ கார் அந்த ஊர் மக்களுக்கு ஒரு அதிசயம். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மரத்தடியில் வண்டி நிற்கும். ஜனங்கள் காத்திருப்பார்கள். அங்கே முடியாத கேஸ் வேலூருக்குப் போகும். வண்டிக்குப் பின்னால் ஒரு மருத்துவமனை இருந்தது, வண்டி தவறாமல் திரும்பவும் வந்தது. இந்த இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அது வேறு கதையாகியிருக்கும்.

நம் காலத்தில் இதற்கு நல்ல உதாரணம் அசாம். பிரம்மபுத்திராவின் நடுவே மணல் தீவுகள் இருக்கின்றன. அவற்றுக்குச் 'சார்' என்று பெயர். ஒவ்வொரு வெள்ளத்திலும் கரையும், வேறிடத்தில் எழும்பும். நாளைக்கு இருக்குமா என்று தெரியாத நிலத்தில் யார் ஆஸ்பத்திரி கட்டுவது? 2005இல் அங்கே படகு மருத்துவமனை தொடங்கினார்கள். டாக்டர், நர்ஸ், ஆய்வக ஆள், மருந்தாளர் எல்லோரும் படகிலேயே தங்கி, தீவு தீவாகப் போய், மாதா மாதம் அதே தீவுகளுக்குத் திரும்பி வருகிறார்கள். தடுப்பூசியும் கர்ப்பிணிப் பரிசோதனையும் நாள் தப்பாமல் நடப்பதற்கு அந்த அட்டவணைதான் காரணம். பின்னால் அரசின் சுகாதார இயக்கமும் சேர்ந்துகொண்டதால் பணமும் தொடர்ந்து வந்தது.

நிலம் நகர்கிற இடத்தில் மருத்துவம் மிதந்துதான் போக வேண்டும், சரி. எங்கள் மலை நகராது. வேனை ஒரு தடவை வாங்கிவிடலாம். டீசல், டயர், டிரைவர், இன்சூரன்ஸ், கூட வரும் நர்ஸ், வாரம் ஒரு நாளாவது வரச் சம்மதிக்கும் டாக்டர் எல்லாம் மாதா மாதச் செலவு. மழைக்காலத்தில் பாறை சரிந்தால் வண்டி பாதி வழியில் நிற்கும், பிரசவ வலி எடுத்தவர் மேலே இருப்பார். பத்து லட்சத்தில் பழைய வேன் ஒன்று வாங்கினால் ஒன்றரை ஆண்டு ஓட்டலாம் என்று எங்கள் பொருளாளர் கணக்குப் போட்டார். அதற்குப் பிறகு ஷெட்டில் தூசி படிந்து நிற்கும். அப்படி நிற்கும் 'நடமாடும்' வண்டிகள் இரண்டை நானே பார்த்திருக்கிறேன்.

கட்டடம்

கட்டட அணியினர் எப்போதும் சித்தேரி மலையடிவாரத்தைக் காட்டுவார்கள். தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் 1993இல் மலைவாழ் மக்களுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அங்கே இருக்கிறது. காட்டட்டும், நானும் அதைத்தான் காட்டுகிறேன். அது எப்படி ஆரம்பித்தது? நூறு சதுர அடியில் ஒரு குடிசை. அவர்கள் போன காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. இருவரும் முதலில் செய்தது அங்கேயே குடியேறியது. அப்புறம் ஊர்ப்பெண்களைத் தேர்ந்தெடுத்து நர்ஸ் வேலை கற்றுக்கொடுத்தார்கள், ஒவ்வொரு சிற்றூரிலும் சுகாதாரத் துணையாளர்களை உருவாக்கினார்கள். கட்டடம் அதற்குப் பின்னால் மெல்ல மெல்ல வளர்ந்தது. எங்கள் செட்டில் குடும்பத்தோடு மலைக்குப் போய் முப்பது ஆண்டு இருக்கப்போவது யார் என்று கேட்டேன். குழு அன்றைக்கு அமைதியாக இருந்தது.

நீலகிரி மாவட்டம் கூடலூரிலும் கிட்டத்தட்ட இதே வரிசைதான். ஆதிவாசிக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் முதலில் வந்தார்கள், 1990இல் மருத்துவமனை வந்தது, 1992இல் அந்த மக்களுக்கென்றே ஒரு காப்பீடு வந்தது. அங்கே ஊசி போடுவதும் பிரசவம் பார்ப்பதும் பெரும்பாலும் ஆதிவாசிப் பெண்களே. நோயாளியின் மொழி தெரிந்த நர்ஸ் இருந்தால் பாதி வைத்தியம் வாசலிலேயே முடிந்துவிடும்.

பெரிய கட்டடத்துக்கும் நல்ல உதாரணம் உண்டு. ருவாண்டாவின் வடக்கே புரேரா என்ற மாவட்டத்தில் மூன்று லட்சம் பேருக்கு மேல் இருந்தும் ஒரு மாவட்ட மருத்துவமனை கிடையாது. பால் ஃபார்மர் என்ற அமெரிக்க டாக்டரும் அவர் நண்பர்களும் தொடங்கிய 'பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்' அமைப்பும் ருவாண்டா அரசும் சேர்ந்து 2011இல் புட்டாரோ மருத்துவமனையைத் திறந்தார்கள். சுமார் 150 படுக்கை. உள்ளூர் எரிமலைக் கல்லை உள்ளூர் ஆட்களே செதுக்கிச் சுவர் எழுப்பினார்கள். அடைத்த நடைபாதையில் காசநோய்க் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் என்பதால் நடைபாதைகளைத் திறந்தவெளியில் வைத்தார்கள். ஏழைகளுக்கு இது போதும் என்று ஷீட் போட்ட கொட்டகை கட்டாமல், பணக்காரர் போனாலும் குறை சொல்ல முடியாத இடமாகக் கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு அதில் பெரிய விஷயம். ஆனால் அது அரசு மருத்துவமனை. பின்னால் ஒரு நாட்டின் கஜானாவும் ஓர் உலக அமைப்பும் நின்றன. எங்கள் பத்து லட்சம் அங்கே கழிப்பறைக்குக்கூடக் காணாது.

நடுவில் ஒருவர், எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுத்தால் என்ன என்றார். தமிழ்நாட்டில் ஏழைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. படுக்கையில் சேர்ந்து செய்யும் பெரிய சிகிச்சைக்குத்தான் அது உதவும். பாட்டியின் பிரச்சினை மாத்திரையும் மினி பஸ்ஸும். காப்பீட்டு அட்டை இல்லாத வீடுகளுக்கு அதை எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் யார் என்பதில் மறுபடியும் நான்காவது யோசனைக்கே வருகிறோம்.

ஊர்ப்பெண்

ரஜனிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே என்ற டாக்டர் தம்பதி வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர்கள். 1970இல் மகாராஷ்டிராவின் வறண்ட பகுதியான ஜாம்கேட்டுக்குப் போனார்கள். முறையாகப் படித்த துணை நர்ஸ்களைக் கிராமத்தில் தங்கவைக்கலாம் என்பதுதான் அவர்களுடைய முதல் திட்டம். அது எடுபடவில்லை. வெளியூரிலிருந்து வந்த இளம்பெண் சொல்வதை ஊர் கேட்கவில்லை, அந்தப் பெண்களுக்கும் தனியாக இருக்கப் பயம். அப்புறம்தான் ஊரே தேர்ந்தெடுத்து அனுப்பும் நடுவயதுப் பெண்களை எடுத்தார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பலர் தலித் பெண்கள். வாராவாரம் ஜாம்கேட்டுக்கு வந்து, சாதி பாராமல் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தங்கி, ஒவ்வொரு நோயாகக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தொடக்கத்தில் ஆயிரத்துக்கு 176 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. இருபத்தைந்து ஆண்டில் அது முப்பதுக்குக் கீழே இறங்கியது. 1979இல் இருவருக்கும் மகசேசே விருது கிடைத்தது.

படிக்காத பெண் வைத்தியம் பார்ப்பது தரமான மருத்துவமா, ஏழைகளுக்கு இரண்டாந்தரச் சரக்கா? குழுவில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் டாக்டர், நல்ல கேள்வி. அதற்குப் பதில் கட்சிரோலியில் இருக்கிறது.

மகாராஷ்டிராவின் கிழக்கு ஓரத்திலுள்ள அந்தக் காட்டு மாவட்டத்துக்கு டாக்டர்கள் அபய் பங், ராணி பங் 1980களின் நடுவில் போனார்கள். குழந்தைகள் நிமோனியாவில் இறந்துகொண்டிருந்தன. நிமோனியாவைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள்ளான குழந்தைக்கு அறுபது, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு ஐம்பது எல்லை. பத்துக்கு மேல் எண்ணிப் பழகாத மருத்துவச்சியிடம் இதை எப்படிக் கேட்பது? ஒரு சின்னக் கருவி செய்தார்கள். ஒரு நிமிடத்தில் தீரும் மணல் கடிகாரம், பக்கத்தில் மணி கோத்த இரண்டு வரிசை. பத்து மூச்சு எண்ணியதும் ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணல் தீருவதற்குள் சிவப்பு மணிக்கு வந்துவிட்டால் நிமோனியா. அவ்வளவுதான். நம் வீட்டு ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து பாட்டிகள் பல்லாங்குழி ஆடிய கைக்கு இது பெரிய வித்தையா என்ன?

அதற்கடுத்து 39 கிராமங்களில் பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் சோதனையைத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற ஊர்ப்பெண் பிரசவ நேரத்திலிருந்து வீட்டுக்கு வருவார், எடை பார்ப்பார், குழந்தையைக் கதகதப்பாக வைக்கச் சொல்லிக்கொடுப்பார், கிருமித்தொற்றின் அறிகுறி தெரிந்தால் மருந்தும் ஊசியும் கொடுப்பார். பிறந்த முதல் 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 62 என்று இருந்தது 25 அளவுக்கு இறங்கியது. ஒப்பிடுவதற்காகத் தனியே வைத்திருந்த கிராமங்களில் அறுபதை ஒட்டியே நின்றது. 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளிவந்தது. 2011இல் இந்திய அரசு 'ஆஷா' என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களின் வேலையாகவே வீட்டு வருகையைச் சேர்த்தது.

இதோடு வைத்துப் பார்க்க இன்னொரு ஆய்வு உண்டு. மத்தியப் பிரதேசக் கிராமப்புறத்தில், உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து நோயாளிபோல் அனுப்பி, வைத்தியர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அளந்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வில் ஒரு நோயாளிக்குக் கிடைத்த சராசரி நேரம் நான்கு நிமிடம்கூட இல்லை. கேட்க வேண்டிய கேள்விகளில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கேட்டார்கள். தரம் என்பது பலகையில் உள்ள பட்டத்தில் மட்டும் இல்லை, கேட்க வேண்டியதைக் கேட்டார்களா, மறுபடி வந்து பார்த்தார்களா என்பதிலும் இருக்கிறது. எங்கள் முகாமின் இரண்டரை நிமிடத்தையும் இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஹைத்தி. மேற்கு அரைக்கோளத்திலேயே மிக ஏழையான நாடு. அதன் நடுப்பீடபூமியில் காஞ்ச் என்ற சிற்றூர். அணை கட்டியதால் நிலத்தை இழந்து மேட்டுக்கு ஏறிய ஜனங்கள். ஃபார்மரின் அமைப்பு 1987இல் பிறந்தது அந்த ஊர் வேலைக்காகத்தான். காசநோய் மருந்து இலவசம், ஆனாலும் ஆட்கள் இறந்துகொண்டிருந்தார்கள். பில்லி சூனியத்தை நம்புவதால் மருந்தைச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார்கள் படித்தவர்கள் சிலர். கையில் காசும் வயிற்றில் சோறும் இல்லை என்றார்கள் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள். 1989இல் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதிக்கு இலவச மருந்து மட்டும். இன்னொரு பகுதிக்கு மருந்தோடு, வீட்டுக்கு வந்து பார்க்கும் ஊர்க்காரர், சத்துணவு, மாதம் 30 டாலர், மருத்துவமனைக்கு வரப் பயணக்காசு. முதல் பகுதியில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் குணமானார்கள். இரண்டாவதில் எல்லோரும். சூனியத்தை நம்பியவர்களும் நம்பாதவர்களும் ஒரே மாதிரி மருந்து சாப்பிட்டார்கள். இந்தியாவில் காசநோயாளிக்கு மாதா மாதம் வங்கிக் கணக்கில் வரும் சத்துணவுப் பணமும் இதே யோசனைதான். 500 ரூபாயாக இருந்தது 2024 நவம்பரில் 1,000 ஆயிற்று.

பஸ் காசு ஒரு மருந்து என்று காஞ்சுக்காரர்களைப் போல நானும் நம்புகிறேன். பாட்டிக்கும் அதுதானே குறைந்தது?

எங்கே தோற்கும்?

என் பக்கத்து ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் கொடுக்காமல், 'சேவை' என்று சொல்லி ஏழைப் பெண்ணிடம் வேலை வாங்குவது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. களை பறிக்கப் போனால் கூலி கிடைக்கும் நாளில் அவர் ஏன் பிபி மெஷினைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்? ஆறு மாதத்தில் நின்றுவிடுவார், நியாயமாகவே. இரண்டாவது, அவருக்கு மேலே ஆள் இல்லாவிட்டால் அவரும் இன்னொரு அரைகுறை வைத்தியராகிவிடுவார். ஜாம்கேட்டிலும் சிட்டிலிங்கியிலும் கட்சிரோலியிலும் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு மருத்துவமனை இருந்தது. கட்சிரோலியில் அதை மக்கள் பயப்படாமல் வர வேண்டும் என்று ஆதிவாசிக் கிராமத்துக் குடிசைகள் போலவே கட்டினார்கள், நோயாளியின் குடும்பமும் கூடத் தங்கலாம். பெண் மட்டும், கட்டடம் மட்டும் என்று எங்கேயும் வெற்றி வந்ததாக நான் பார்க்கவில்லை.

ஆனால் தமிழ்நாட்டில் அந்தக் கட்டடத்தை நாம் கட்ட வேண்டியதில்லை. அடிவாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. மருந்து இலவசம். கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார், 108 இருக்கிறது, அடுத்த கட்டத்துக்கு ஜி.ஹெச். இருக்கிறது. குறைவது வீட்டு வாசலுக்கும் அந்த நிலையத்துக்கும் நடுவிலுள்ள பன்னிரண்டு கிலோமீட்டர். ஹைத்தியிலும் புரேராவிலும் அந்த இரண்டாவது முனையே இல்லாததால் அதையும் கட்ட வேண்டியிருந்தது. அங்கே பத்து லட்சத்தோடு போயிருந்தால் என் பதிலும் வேறாக இருந்திருக்கும்.

ஆகவே கணக்கு இதுதான். மூன்று குக்கிராமம், மூன்று பெண்கள், ஆளுக்கு மாதம் ஆறாயிரம். அரை நாள் வேலை. ஆண்டுக்கு 2,16,000. நான்கு ஆண்டுக்கு 8,64,000. மீதி 1,36,000. அதில் பிபி மெஷின், குழந்தை எடை பார்க்கும் தராசு, வெப்பமானி, நோட்டுப் புத்தகம், பயிற்சிக்கான செலவு போக, மிச்சமெல்லாம் ஒரு பஸ் காசு உண்டியலுக்கு. கீழே போக வேண்டியவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் அதிலிருந்து காசு. ரசீது கேட்கக் கூடாது என்று நான் எழுதியிருந்தேன், பொருளாளர் அதை மட்டும் அடித்துவிட்டு 'நோட்டில் கைநாட்டு' என்று திருத்தினார். சரி, இருக்கட்டும்.

இந்தப் பெண்கள் ஊசி போட மாட்டார்கள், மாத்திரையைத் தாங்களாக முடிவு செய்ய மாட்டார்கள். கட்சிரோலியில் அதற்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தது, நம்மிடம் இல்லை. கர்ப்பிணியின் பெயரை நர்ஸம்மாவிடம் சொல்வது, பிறந்த குழந்தையை முதல் மாதத்தில் ஐந்தாறு தடவை போய்ப் பார்ப்பது, பிபி அளந்து நோட்டில் எழுதுவது, அரசு மாத்திரைப் பட்டியலில் பெயரைச் சேர்க்க வைப்பது, மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பது. வலி எடுத்தால் 108க்கு போன் அடித்து, சிக்னல் கிடைக்கும் பாறை வரைக்கும் போர்வையில் டோலி கட்டித் தூக்க ஆள் கூப்பிடுவது. தேர்வு செய்வது நாங்கள் இல்லை, ஊர்க்கூட்டம். அதில் ஊர்ப்பெரியவர் தன் மருமகளைத்தான் சொல்வார் என்று ஒருவர் எச்சரித்தார். சொல்லலாம்தான். அதனால் கூட்டத்தில் பெண்கள் தனியாகக் கூடிப் பெயர் சொல்லட்டும் என்று ஒரு வரி சேர்த்தோம்.

முகாம் அணியையும் முழுதாக விட்டுவிடவில்லை. ஆண்டுக்கு ஒரு கண் முகாம் வைக்கச் சொல்லி ஒரு கண் மருத்துவமனையைக் கேட்கப் போகிறோம். புரை முற்றியவர்களின் பட்டியலை அந்த மூன்று பெண்களே முன்கூட்டித் தயார் செய்வார்கள். பஸ் அந்த மருத்துவமனையுடையது.

வாக்கெடுப்பில் நான்காவது யோசனை 31க்கு 19 என்று ஜெயித்தது. கட்டட அணியில் ஒருவர் இன்னும் கோபமாக இருக்கிறார், நம் செட்டின் பெயரை எங்கே எழுதுவது என்று கேட்டார். எடை பார்க்கும் தராசின் அடியில் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று யாரோ பதில் போட்டதும் குழுவை விட்டே போய்விட்டார், மறுநாள் திரும்பி வந்தார்.

ஐந்தாம் ஆண்டுக்குத்தான் இன்னும் பதில் இல்லை. அதற்குள் அந்தப் பெண்களை அரசுத் திட்டம் ஏதாவதொன்றில் சேர்த்துவிடலாம் என்கிறார்கள் சிலர். நம்பி உட்கார வேண்டாம், இப்போதிருந்தே ஆளுக்கு மாதம் ஐந்நூறு போடலாம் என்கிறேன் நான். இதுவரைக்கும் ஏழு பேர் சரி என்றிருக்கிறார்கள். மூன்று பேரின் சம்பளத்துக்கு 36 பேர் வேண்டும்.